சாக முடியாத சிப்பாய்: ‘காஸ்கா’ நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த நாவல்? சுருக்கமாகக் கதை என்ன?

‘காஸ்கா: தி எடர்னல் மெர்சனரி’. 1979-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கில நாவல். எழுதியவர் பேரி சாட்லர். சிலுவையில் தொங்கும் இயேசுவை ஈட்டியால் குத்துகிறான் ஒரு ரோமானியச் சிப்பாய். அவர் வாயாலேயே சாபம் வாங்குகிறான். அன்றிலிருந்து சாவும் இல்லை, மூப்பும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏதோ ஒரு படையில், யாரோ ஒரு ராஜாவுக்காகவோ அரசாங்கத்துக்காகவோ சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் பெயர் காஸ்கா ரூஃபியோ லாங்கினஸ்.

நம் ஊர் பாக்கெட் நாவல் மாதிரி, பஸ்ஸில் ஏறும்போது பிரித்து இறங்கும்போது மடக்கிவைக்கிற வகைப் புத்தகம் இது. இலக்கியப் பரிசுக்காக எழுதப்பட்டதில்லை. ஆனால் அந்த ஒரு கற்பனை, அதாவது ‘சிப்பாயாகவே இருந்து தொலை’ என்கிற தண்டனை, பல பெரிய நாவல்களில்கூடக் கிடைக்காத சரக்கு. அதற்காகத்தான் இவ்வளவு கேள்விகளுக்கும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கதை எப்படித் தொடங்குகிறது? சஸ்பென்ஸ் போய்விடாமல் சொல்ல முடியுமா?

சஸ்பென்ஸ் பெரிதாக எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். கதை ரோமில் தொடங்காமல் வியட்நாமில் தொடங்குகிறது. நா திராங் நகரில் அமெரிக்க ராணுவத்தின் 8-ஆவது ஃபீல்டு ஹாஸ்பிட்டல். இப்படி ஒரு மருத்துவமனை அங்கே உண்மையிலேயே இருந்தது. பிழைக்கவே முடியாத காயத்தோடு கேசி ரொமைன் என்கிற சிப்பாயைக் கொண்டுவருகிறார்கள். டாக்டர் ஜூலியஸ் கோல்ட்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயம் தானாக மூடிக்கொண்டு வருகிறது. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேசி ரொமைன் என்பது இந்த நூற்றாண்டுக்காக அவன் வைத்துக்கொண்ட பெயர் என்பது அப்புறம்தான் டாக்டருக்குப் புரிகிறது. அவன் சொல்லச்சொல்லக் கதை எருசலேமுக்குப் பின்னோக்கிப் போகிறது.

தன் மேலதிகாரியைக் கொன்றதற்காகச் சுரங்கத்துக்கு அடிமையாக அனுப்பப்படுகிறான் காஸ்கா. அங்கே வருஷங்கள் ஓடுகின்றன. பக்கத்தில் பாறை உடைத்தவர்கள் இருமி இருமிச் செத்துப் போகிறார்கள், இவன் மட்டும் வந்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறான். சிலுவையடியில் கேட்டது வெறும் பேச்சில்லை என்று அவனுக்கு உறைப்பது அங்கேதான். அப்புறம் ரோம், கிளாடியேட்டர் களம், நீரோ மன்னன் என்று கதை வேகம் எடுக்கிறது. என் கணக்கில் அந்தச் சுரங்கப் பகுதிதான் நாவலின் சிறந்த பகுதி. சண்டையே இல்லாத பகுதி அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாபம் சரியாக என்ன? சாக மாட்டான், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்றால் அது வரமாகிவிடும். குத்தும்போது ஈட்டிக் கம்பு வழியாக வழிந்த ரத்தம் காஸ்காவின் கையில் படுகிறது. அந்தக் கையாலேயே அவன் வாயைத் துடைத்துக்கொள்கிறான். நாக்கில் ரத்தத்தின் ருசி. இயேசு அவனைப் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: நீ இப்போது என்னவாக இருக்கிறாயோ அதில் உனக்குத் திருப்தி இருக்கிறது, நாம் மறுபடியும் சந்திக்கும்வரை அப்படியே இருந்துகொள். கோபமில்லாத, கிட்டத்தட்டச் சாதாரணமான பேச்சு. அதனால்தான் அது சுடுகிறது.

ஆக அவன் சபிக்கப்பட்டது உயிரோடு இருக்க மட்டும் இல்லை, சிப்பாயாக இருக்க. விவசாயம் பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம், மலையேறித் தனியாகக் கிடக்கலாம் என்று அவன் ஒதுங்க நினைக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு போர் வந்து வாசலில் நிற்கும். வாளைக் கீழே வைக்க விடாத சாபம்.

அவனுக்கு வலிக்குமா? கை, கால் போனால்?

வலிக்கும், எல்லோருக்கும் வலிப்பதுபோலவே. ரத்தம் கொட்டும், மயங்கி விழுவான், எழுந்திருப்பான். தழும்புகள் மட்டும் உடம்பில் தங்கிக்கொண்டே போகும். தொடரின் இரண்டாம் நாவலான ‘காட் ஆஃப் டெத்’தில் அவனை மெக்ஸிகோவில் பலிபீடத்தில் கிடத்தி நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கிறார்கள். அதை வாங்கித் திரும்ப உள்ளே வைத்துக்கொள்கிறான். ‘யோவ், என்னய்யா இது’ என்று சிரிப்பீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் மறக்க முடியாத காட்சி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுதியவர் யார்? ராணுவம் தெரிந்தவர் எழுதியதுபோல இருக்கிறதே?

தெரிந்தவர்தான். பேரி சாட்லர் 1940-இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் பிறந்தவர். முதலில் விமானப்படை, பிறகு ராணுவம், அங்கே ‘கிரீன் பெரே’ என்று அழைக்கப்படும் சிறப்புப் படையில் மருத்துவ உதவியாளர். 1965-இல் வியட்நாமில் ரோந்து போகும்போது அவர் முழங்காலில் மூங்கில் முள் ஏறியது. மூங்கிலைச் சீவிக் கூராக்கி, மலத்தைத் தடவி, புல்லுக்குள் மறைத்து நட்டுவைப்பார்கள். குத்து சின்னதாகத்தான் இருக்கும், ஆளை முடக்குவது அதன்பின் வரும் சீழ். சாட்லர் பஞ்சால் துடைத்து ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு ரோந்தை முடித்தாராம். காயம் புரையோடி, பிறகு மருத்துவர்கள் அதை அகலமாக அறுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. காயத்தைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் கை நடுங்காததற்கு இதுதான் காரணம்.

ஆனால் அமெரிக்காவில் அவர் பெயர் தெரிந்தது நாவலால் இல்லை, ஒரு பாட்டால். தன் படைப்பிரிவைப் பற்றி அவர் பாடிய ‘தி பேலட் ஆஃப் தி கிரீன் பெரேஸ்’ 1966-இல் அமெரிக்காவின் ‘பில்போர்டு’ பாடல் தரவரிசைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். வியட்நாம் போருக்கு எதிர்ப்பு இன்னும் முழு வேகம் எடுக்காத நேரம், சீருடையில் மேடையேறிய ஒரு சிப்பாயை நாடே கொண்டாடியது. இரண்டே ஆண்டில் காற்று திசை மாறிவிட்டது. அப்புறம் அவர் என்ன பாடினாலும் எடுபடவில்லை. ‘அந்தப் பாட்டுக்காரர்’ என்கிற முத்திரை மட்டும் சாகும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

1978 டிசம்பரில் நாஷ்வில் பக்கத்தில் ஒரு பெண் தொடர்பான தகராறில் பாடலாசிரியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை பெருமளவு குறைக்கப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதமே உள்ளே இருந்தார். நாவல் வெளிவந்தது 1979, அதாவது சுட்டதற்கு அடுத்த ஆண்டு. நாவலை ஆசிரியரின் வாழ்க்கையோடு முடிச்சுப் போடுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இங்கே முடிச்சைப் போடாமல் இருப்பதுதான் கஷ்டம். 25 வயதில் எதுவாகப் புகழ் பெற்றாரோ அதுவாகவே உறைந்துபோன ஒருவர், ‘நீ இருக்கிறபடியே இரு’ என்று சபிக்கப்பட்ட ஒருவனைப் படைத்திருக்கிறார்.

பைபிளில் இப்படி ஒரு சிப்பாய் உண்டா?

உண்டு, ஆனால் பெயர் கிடையாது. யோவான் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரம், 34-ஆம் வசனம். ‘போர்ச்சேவகரில் ஒருவன்’ ஈட்டியால் விலாவில் குத்தினான், ரத்தமும் தண்ணீரும் வெளிவந்தன, அவ்வளவுதான். இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஈட்டியோடு வரும் அந்த ஆளை நன்றாகவே தெரியும். லாங்கினஸ் என்ற பெயர் பிலாத்துவின் நடபடிகள், நிக்கொதேமுவின் சுவிசேஷம் என்றெல்லாம் சொல்லப்படும், வேதாகமத்தில் சேராத பழைய நூலிலிருந்து வருகிறது.

இங்கே நாவல் ஒரு பெரிய மாற்றம் செய்கிறது, பலர் கவனிப்பதில்லை. யோவான் சொல்லும் வரிசைப்படி சேவகர்கள் வந்து பார்க்கும்போதே இயேசு மரித்துவிட்டார். அதனால்தான் கூடவே சிலுவையில் அறையப்பட்ட மற்ற இருவருக்கும் செய்ததுபோல அவர் காலை முறிக்கவில்லை. ஈட்டி இறங்கியது இறந்த உடம்பில். இறந்தவர் எப்படிச் சபிப்பார்? ஆகவே சாட்லர் ஈட்டியை மரணத்துக்கு முன்னால் நகர்த்திக்கொண்டார். கதைக்கு அது தேவை.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த வரிசைக்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்கிற இரண்டு பைபிள் கையெழுத்துப் பிரதிகளில் மத்தேயு 27:49-இல் ஒரு கூடுதல் வரி வருகிறது. அதில் ஒருவன் ஈட்டியால் குத்துகிறான், அதற்குப் பிறகுதான் இயேசு உயிர் விடுகிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை யோவானிலிருந்து யாரோ பிரதியெடுக்கும்போது புகுந்த இடைச்செருகல் என்கிறார்கள். சாட்லர் இதைப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வம்புக்கு வருகிறவர்களிடம் சொல்ல வசதியான தகவல்.

லாங்கினஸ் ஒரு புனிதர் இல்லையா?

ஆமாம். திருச்சபை மரபில் அவர் மனம் திரும்பி மறைசாட்சியாக இறந்தவர். 13-ஆம் நூற்றாண்டின் ‘பொன் வரலாறு’ என்ற புனிதர் கதைத் தொகுப்பில், ஈட்டி வழியே வழிந்த ரத்தம் பட்டு அவருடைய மங்கிய பார்வை தெளிந்ததாக வருகிறது. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைந்தால் பெர்னினி செதுக்கிய அவருடைய பிரம்மாண்டமான சிலையைப் பார்க்கலாம், கைகளை விரித்தபடி, ஒரு கையில் ஈட்டியோடு.

அதே ரத்தம், அதே ஈட்டி, அதே ஆள். மரபுக் கதையில் கண் திறக்கிறது. நாவலில் கதவு சாத்திக்கொள்கிறது. தலைகீழாக்கிய இந்த வேலை ஒன்றுக்காகவே சாட்லருக்குக் கைதட்டலாம்.

‘நான் வரும்வரை இரு’ என்ற சாபம் அவர் கண்டுபிடித்ததா?

இல்லை. ஐரோப்பாவில் ‘அலையும் யூதன்’ என்றொரு பழங்கதை இருக்கிறது. சிலுவை சுமந்துபோகிற இயேசுவை ஒருவன் ‘நிற்காதே, நட’ என்று விரட்ட, ‘நான் போகிறேன், நீ நான் திரும்பி வரும்வரை காத்திரு’ என்று அவர் சொல்லிவிடுகிறார். 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வரலாற்றாசிரியர் மாத்யூ பாரிஸ் எழுதிவைத்த வடிவத்தில் அவன் பிலாத்துவின் வாயிற்காவலன், பெயர் கார்த்தஃபிலஸ். 1602-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஒரு சிறு நூலில் அவன் அகாஸ்வேருஸ் என்கிற செருப்புத் தைப்பவன் ஆகிறான்.

இதன் வேர் யோவான் 21-இல் இருக்கிறது. ‘நான் வருமளவும் இவனிருக்க எனக்குச் சித்தமானால், உனக்கென்ன’ என்று இன்னொரு சீடனைக் குறித்து இயேசு பேதுருவிடம் கேட்கிறார். அதைக் கேட்டு, அந்தச் சீடன் சாகவே மாட்டான் என்று ஒரு பேச்சு பரவியதாகவும், அவர் அப்படிச் சொல்லவில்லை என்றும் சுவிசேஷமே விளக்குகிறது. வதந்தியை மறுத்த இடத்திலிருந்தே அடுத்த வதந்தி முளைத்திருக்கிறது.

அலையும் யூதன் கதை நூற்றாண்டுகளாக யூத வெறுப்புக்குத் தீனி போட்டது என்பதையும் மறக்கக் கூடாது. சபிக்கப்பட்டவனை ரோமானியச் சிப்பாயாக மாற்றியதில் அந்த விஷம் பெருமளவு வடிந்துவிட்டது. சாட்லர் வேண்டுமென்று செய்தாரோ இல்லையோ, நல்ல காரியம்.

இது நம் அஸ்வத்தாமன் கதைதானே?

தமிழ் வாசகர் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒற்றுமை இருக்கிறது. மகாபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் அஸ்வத்தாமன் கிருபரையும் கிருதவர்மனையும் வாசலில் நிறுத்திவிட்டு, இரவில் தூங்குகிறவர்கள் பாசறைக்குள் புகுந்து திருஷ்டத்யும்னனையும் திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொல்கிறான். பிறகு உத்தரையின் கருவையே குறிவைத்து அஸ்திரத்தை ஏவுகிறான். கிருஷ்ணன் சபிக்கிறான்: மூவாயிரம் ஆண்டு, பேச்சுத்துணைகூட இல்லாமல், சீழும் ரத்தமும் நாறக் காட்டில் திரி.

வித்தியாசம் இங்கேதான். அஸ்வத்தாமனின் நெற்றி மணியை வாங்கிக்கொள்கிறார்கள், அவனுடைய போர்த்தொழில் அங்கே முடிகிறது. இனி அவன் வெறும் அலைகிறவன். காஸ்காவுக்கு நேர் எதிர். அவனிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, உள்ளதை உள்ளபடியே விட்டுவிட்டார்கள். அஸ்வத்தாமன் செய்தது பச்சைப் படுகொலை. காஸ்கா செய்ததோ உத்தரவுப்படி அன்றாட வேலை. அந்தச் சின்னக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்கிற கேள்வி நாவல் முழுக்க உறுத்திக்கொண்டே இருக்கும், உறுத்தவும் வேண்டும்.

இன்னொன்று. அஸ்வத்தாமனுக்கு நம் மரபில் ஒரு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. ஏழு சிரஞ்சீவிகள் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் வரும். காஞ்சிப் பல்லவர்கள் தங்கள் வம்சாவளியில் அவனை முன்னோனாகச் சேர்த்துக்கொண்டார்கள். காஸ்காவைத் தாத்தா என்று சொல்லிக்கொள்ள எந்த ராஜவம்சமும் வரப்போவதில்லை.

வரலாறு எந்த அளவுக்குச் சரி?

சண்டை சரி, நாட்காட்டி சரியில்லை.

முதல் சிக்கல் முதல் காட்சியிலேயே. கி.பி. 30 வாக்கில் எருசலேம் இருந்த யூதேயாவில் லீஜன் (ரோமின் முதன்மைப் படைப்பிரிவு) எதுவும் நிலையாக இருக்கவில்லை. லீஜன்கள் வடக்கே சிரியாவில் இருந்தன. பிலாத்து ஒரு சின்ன மாகாணத்தின் பிரிஃபெக்ட், அதாவது ரோமானிய ஆளுநர், 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு அந்தப் பதவிப் பெயரை உறுதி செய்தது. அவரிடம் இருந்தவை பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில் ஆள் எடுத்த துணைப்படைகள். அதனால் சிலுவையடியில் நின்றவன் இத்தாலியில் பிறந்த லீஜன் வீரனாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. நாவலுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்வதானால், அப்போஸ்தலர் 10-இல் செசரியாவில் ‘இத்தாலியா பட்டாளம்’ ஒன்று இருந்ததாக வருகிறது. ஒரு லீஜன், அதாவது பத்தாவது லீஜன், எருசலேமில் நிலையாகப் பாளையம் போட்டது கி.பி. 70-இல் நகரம் விழுந்த பிறகுதான்.

சிப்பாய் வாழ்க்கை மட்டும் நம்பும்படி இருக்கிறது. அந்தக் காலத்து லீஜன் வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 டெனாரி என்கிற வெள்ளிக்காசு. அதிலேயே சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆயுதத்துக்கும் பிடித்தம் உண்டு. 25 ஆண்டு சேவை முடிந்தால் விடுதலையும் ஒரு தொகையோ நிலமோ கிடைக்கும். 25 ஆண்டை எண்ணிக்கொண்டு நாள் கடத்துகிற கூட்டத்தில், ஒருவனுக்கு மட்டும் ஓய்வு தேதி இல்லை என்று வைத்துப் பாருங்கள். சாபத்தின் கனம் ராணுவத்தில் இருந்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

மெக்ஸிகோ கதைதான் ரொம்பவும் இடிக்கிறது. காஸ்கா வடநாட்டுக் கடலோடிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து போகிறான், வைக்கிங் யுகம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே. வைக்கிங் தாக்குதல்கள் 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியதிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அவர்கள் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தில் குடில் போட்டது ஏறக்குறைய கி.பி. 1000-இல். மெக்ஸிகோ வரை போனதற்குத் தடயமே இல்லை. வரலாறு படித்தவர்கள் இந்தப் பாகத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அந்த ஈட்டி உண்மையில் எங்கேயாவது இருக்கிறதா?

ஒன்றில்லை, பல இடத்தில் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. வியன்னாவில் ஹாஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்தில் ஒன்று, வத்திக்கானில் ஒன்று, ஆர்மீனியாவில் எச்மியாட்சினில் ஒன்று. வத்திக்கானில் இருப்பதை 1492-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் பயெசித் போப்புக்கு அனுப்பிவைத்தார். 1098-இல் முதல் சிலுவைப் போரின்போது அந்தியோக்கியாவில் தரையைத் தோண்டி எடுத்ததாகச் சொன்னது இன்னொன்று. வியன்னா ஈட்டி எட்டாம் நூற்றாண்டு வேலை என்பது நிபுணர்கள் கணிப்பு. 1938-இல் ஹிட்லர் அதை நியூரம்பர்க்குக் கொண்டுபோனதும், போருக்குப் பிறகு அமெரிக்கப் படை மீட்டுத் திருப்பிக் கொடுத்ததும் உண்மை.

தொடரில் ‘ஆட்டுக்குட்டியின் சகோதரர்கள்’ என்றொரு ரகசியக் கூட்டம் ஈட்டியைப் பாதுகாத்துக்கொண்டு காஸ்காவைத் துரத்துகிறது. அது முழுக்கக் கற்பனை.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு மனம் புண்படுமா?

சிலருக்குப் படலாம். முக்கியமான ஆட்சேபம் நியாயமானது: சிலுவையில் தொங்கியபடி ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ என்று கேட்டவர், அதே இடத்தில் ஒரு கூலிச் சேவகனைச் சபிப்பாரா? சாட்லரிடம் இதற்குப் பதில் இல்லை. நாவலை நல்லெண்ணத்தோடு படித்தால், அது சாபம் அல்ல, மனம் திரும்ப நீட்டிக்கப்பட்ட அவகாசம் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. காஸ்கா அந்த அவகாசத்தை நூற்றாண்டு நூற்றாண்டாக வீணடிக்கிறான். ஆனால் அப்படிப் படிப்பது நம் பெருந்தன்மை, ஆசிரியர் அதற்காக மெனக்கெடவில்லை.

ஒரு பாகத்தில் அவன் ஹிட்லர் படையில் இருக்கிறானாமே?

ஆம், நான்காம் நாவல் ‘பான்சர் சோல்ஜர்’. கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் டாங்கியில் வருகிறான். தொடரில் எனக்குச் சங்கடம் தந்த புத்தகம் இதுதான். சிப்பாய்க்குக் கொடியில்லை, கூட இருக்கிற நாலு பேர்தான் உலகம் என்பது சாட்லரின் நம்பிக்கை. மற்ற நூற்றாண்டுகளில் அது எடுபடுகிறது, ஹூணர்களுக்கும் பாரசீகர்களுக்கும் நடுவே நாம் கட்சி சேர்வதில்லை. 1943-இல் எடுபடவில்லை. அந்தப் படை முன்னேறிய வழியெல்லாம் பின்னால் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். ‘நான் டாங்கி மட்டும்தான் ஓட்டினேன்’ என்பதை நாவல் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், ஈட்டியால் குத்தியவனும் ‘உத்தரவு போட்டார்கள், குத்தினேன்’ என்றுதானே சொல்வான்? அவன் சபிக்கப்பட்டதே அந்தத் திருப்திக்காகத்தான். பத்தொன்பது நூற்றாண்டு கழித்தும் அவன் அதே பதிலைச் சொல்கிறான் என்று காட்ட சாட்லருக்கு இதைவிட நல்ல இடம் வாய்த்திருக்காது. கையிலிருந்த கத்தியை அவர் எடுக்கவில்லை.

மொத்தம் எத்தனை பாகம்? எந்த வரிசையில் படிப்பது?

சாட்லர் பெயரில் 22 நாவல்கள். அவற்றில் சிலவற்றை வேறு கைகள் எழுதின என்று நெடுநாளாகப் பேச்சு உண்டு, நடை மாறுவதைப் பார்த்தால் நம்பத் தோன்றும். அவருக்குப் பின் பால் டெங்கலெகி இரண்டு எழுதினார், அப்புறம் டோனி ராபர்ட்ஸ் எடுத்துக்கொண்டார். இப்போது தொடர் 50-ஐத் தாண்டிவிட்டது.

எண் வரிசை என்பது வெளியான வரிசை, கால வரிசை இல்லை. மூன்றில் சீனா, நான்கில் இரண்டாம் உலகப் போர், ஐந்தில் மறுபடியும் பழைய ஐரோப்பா என்று தாவும். முதல் நாவலை மட்டும் முதலில் படியுங்கள், அப்புறம் உங்களுக்குப் பிடித்த காலகட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று யாரும் உங்களைச் சபிக்கவில்லை. முதல் பாகத்தோடு, பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போகும் ‘தி லீஜனேர்’ (11-ஆவது) போதும் என்பது என் அபிப்பிராயம். வியட்நாம் மண்ணை நேரில் மிதித்தவர் எழுதியது என்பது அதில் தெரியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். வன்முறை அதிகம், பாலுறவுக் காட்சிகள் உண்டு, பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் காஸ்காவுக்கு ஆறுதல் சொல்லவோ சாகவோ வருகிறார்கள். பிற இனத்தவரை வர்ணிக்கும் இடங்கள் சில இன்று படிக்கக் கூசும். கிழக்கத்திய ஞானி ஒருவர் வந்து வெறுங்கைச் சண்டையையும் தத்துவத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது எழுபதுகளின் குங்ஃபூ பட மோகம், வேறொன்றுமில்லை.

ஆங்கிலம் கஷ்டமா?

இல்லை. சின்ன வாக்கியங்கள். ஆயுதப் பெயர்கள் நிறைய வரும், தெரியாவிட்டாலும் கதை ஓடும்.

சாட்லர் எப்படி இறந்தார்?

எண்பதுகளின் நடுவில் குவாத்தமாலாவுக்குக் குடிபெயர்ந்தார். 1988 செப்டம்பரில் அங்கே தலையில் குண்டு பாய்ந்தது. கொள்ளையா, பகையா, தவறுதலாக வெடித்ததா என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். மூளைக் காயத்தோடு ஓராண்டுக்கும் மேல் படுக்கையில் கிடந்து, 1989 நவம்பர் 5 அன்று டென்னஸி மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோவில் இறந்தார். 49 வயது முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நாஷ்வில் தேசிய ராணுவக் கல்லறையில் அடக்கம்.

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன் எழுந்து போய்விடுவான் என்று தொடங்கிய தொடரை எழுதியவருக்கு இப்படியொரு முடிவு. விதி என்று நான் எதையும் சொல்ல வரவில்லை, ஆனால் முதல் அத்தியாயத்தை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

கடைசியில் சாபம் தீர்கிறதா?

இதுவரை இல்லை. சாபத்தின் நிபந்தனையே இயேசுவின் இரண்டாம் வருகை. அதை எழுத எந்தப் பதிப்பாளரும் துணிய மாட்டார், எழுதினால் தொடர் முடிந்துவிடும். வியாபாரத்துக்கு இதைவிட வசதியான சாபம் கிடையாது. போர் இருக்கும்வரை அடுத்த பாகத்துக்குக் களமும் இருக்கும்.